ஒன்பதாம் நாள் ஈ

டாசன் வளைவு ஊரில் ஈ அடிக்கத் தெரியாதவர் யாருமில்லை. ஈயைச் சாகாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள் லோர்னா டிரெலோர் ஒருத்திதான். அறுபத்தொரு வயது. மர்ரே ஆற்றங்கரையிலேயே பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்து, கணவனையும் அங்கேயே அடக்கம் செய்தவள். எரிச்சல் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பாள். அந்தக் கோடையில் ஊரிலேயே சுத்தமான பொருள் அந்தக் கண்ணாடிதான்.

விமான ஓடுதளத்தின் ஓரத்தில், முன்பு உலர்திராட்சைப் பெட்டி அடுக்கிய தகரக் கொட்டகை அவளுடைய ராஜ்யம். வடக்கே இருக்கும் தொழிற்சாலையிலிருந்து நான்கு நாளுக்கு ஒருமுறை பழ ஈயின் கூட்டுப்புழுக்கள் பைகளில் வரும். கதிர்வீச்சு காட்டி மலடாக்கி, அடையாளத்துக்கு இளஞ்சிவப்புப் பொடியில் புரட்டி அனுப்புவார்கள். லோர்னா அவற்றை வலைத் தட்டுகளில் பரப்பி, தட்டின்மேல் தட்டாக ஆளுயரத்துக்கு அடுக்குவாள். இரண்டு மூன்று நாளில் ஈ வெளியே வரும். அன்றிலிருந்து அவள் கணக்கில் முதல் நாள். சர்க்கரையும் தண்ணீரும் கொடுத்து வளர்த்து, ஐந்தாம் நாள் அடுக்கோடு உருட்டிப்போய்க் குளிரறையில் நிறுத்துவாள். நான்கு டிகிரியில் ஈ மயங்கிச் சரியும். மயங்கியதைக் கோதுமை அள்ளுவதுபோல் அள்ளிப் பெட்டியில் கொட்டி, விமானி டகியின் சின்ன விமானத்தில் ஏற்ற வேண்டியது. இரண்டாயிரம் அடி உயரத்தில் டகி ஒரு கைப்பிடியை இழுப்பான். ஈக்கள் ஊர்மேல் உதிரும். கீழே வரவர வெதுவெதுப்புத் தட்டி விழித்துக்கொண்டு, சிறகடித்துப் போய்க் காட்டுப் பெண் ஈக்களைத் தேடும். மலட்டு ஆணோடு சேர்ந்த பெண் ஈ இடும் முட்டை பொரிக்காது.

ஆக, ஈயை ஒழிக்கும் வழி, வாரத்துக்கு நாற்பது லட்சம் ஈயை வானத்திலிருந்து பொழிவது. இதை ஊருக்கு விளக்க லோர்னா மூன்று வருடம் செலவிட்டாள். வானத்திலிருந்து ஈ பொழிகிறது என்பதுவரை ஊருக்குப் புரிந்தது.

"லோர்னா, உன் ஆளுங்க எங்க வராந்தாவுல வந்து உக்காந்திருக்காங்க," என்று அவள் தம்பி கென் அந்த ஜனவரிக் கோடையில் ஒரு காலை போன் செய்தான்.

"எத்தனை பேரு?"

"ஒரு பத்து இருக்கும்."

"தலை இளஞ்சிவப்பா இருக்கா?"

"இருந்துச்சு. இப்ப எல்லாம் தட்டையா இருக்கு. ஸ்ப்ரே அடிச்சுட்டேன்."

லோர்னா கண்ணாடியைக் கழற்றினாள். "கென், அந்த ஈ யாருக்காகடா வந்துச்சு? உன் ஆரஞ்சுக்காக. உன்னக் காப்பாத்த வந்தவனை நீயே வாசல்ல வச்சு அடிச்சுருக்க."

"ஈன்னா கை சும்மா இருக்க மாட்டேங்குது, என்ன பண்ணச் சொல்ற? ஐம்பத்தெட்டு வருஷப் பழக்கம்."

கென்னைத் திட்டுவதில் ஒரு சங்கடம் இருந்தது. அவன் நிலைமை நிஜமாகவே மோசம். போன வசந்தத்தில் யாரோ ஒருவர் வீட்டு லோக்காட் பழ மரத்தில் பழ ஈயின் புழு அகப்பட்டது. அன்றிலிருந்து ஊரைச் சுற்றிப் பதினைந்து கிலோமீட்டருக்குப் பழத்தடை. யார் வெளியூரிலிருந்து பழம் கொண்டுவந்தது என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மாநில எல்லையில் பழத்தைப் போட ஒரு தொட்டி இருக்கிறது. அதில் போட மனமில்லாமல் காரை ஓரம்கட்டி ஒரு கூடைப் பீச் பழத்தை நின்றவாக்கில் தின்று தீர்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்த குடும்பங்கள்தான் எல்லாமே. ஆனால் தொட்டியை ஏமாற்றியவர் என்று ஒருவரும் இல்லை. புழு தானாக நடந்து வந்திருக்க வேண்டும்.

மரங்களில் தொங்கவிட்ட பொறிகளில் கடைசிக் காட்டு ஈ விழுந்த நாளிலிருந்து எண்பத்துநான்கு நாள் இன்னொன்று விழாமல் கழிந்தால் தடை நீங்கும். இடையில் ஒன்றே ஒன்று விழுந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. நகரமன்ற வாசலில் பலகை வைத்து நாளை எழுதிக்கொண்டிருந்தார்கள். கென்னிடம் தொள்ளாயிரம் வலென்சியா ஆரஞ்சு மரம். பழம் மரத்திலேயே காத்திருந்தது. எண்பத்துநான்காம் நாளுக்குப் பிறகு எட்டு நாளில் கிளம்பும் கப்பல்தான் அந்தப் பருவத்தின் கடைசிக் கப்பல். எண்ணிக்கை மறுபடி ஒன்றுக்குப் போனால் பழம் மரத்தடியில் உதிர வேண்டியதுதான். அப்படி ஆனால் மரங்களை வேரோடு புல்டோசரால் தள்ளிவிட்டுக் கடலோரம் போய் மீன் பிடிக்கப் போவதாகக் கென் சொல்லியிருந்தான். கென்னுக்குத் தூண்டிலில் புழு கோக்கக்கூடத் தெரியாது என்பது லோர்னாவுக்குத் தெரியும். அதனால்தான் பயந்தாள்.

பலகையில் அறுபத்தொன்று என்று எழுதிய சனிக்கிழமை வெயில் தாக்கியது. நாற்பத்துநான்கு, நாற்பத்தைந்து, ஒரு நாள் நாற்பத்தாறு. அந்தச் சூட்டில் ஈயைக் கீழே விட்டால் தரையைத் தொடுமுன் வறுபட்டுவிடும். நான்கு நாள் விமானம் எழும்பவில்லை.

சனிக்கிழமை பறக்க வேண்டிய ஐந்தாம் நாள் ஈக்கள் அடுக்கிலேயே இருந்து வயதேறின. கொட்டகைக் குளிர்சாதனம் முனகி முனகி உள்ளே முப்பத்துமூன்றில் நிறுத்தியது. லோர்னா தினமும் காலையில் துடைப்பத்தோடு வந்தாள். புதிதாக வந்த இளசுகளின் அடுக்கடியில் ஒரு கரண்டி செத்த ஈ. பழைய அடுக்கடியில் ஒரு முறம். அதே அறை, அதே சூடு, அதே சர்க்கரை.

இது அவளுக்குப் புதிய செய்தி அல்ல. ஈ ஒன்று வெளியே வந்த முதல் இரண்டு மூன்று நாளில் சூட்டையும் தாங்கும், குளிரையும் தாங்கும், ஆனால் காதலுக்கு ஆகாது. வயது போதாது. காதலுக்குத் தயாராகும்போது தாங்கும் சக்தி இறங்கத் தொடங்கியிருக்கும். எட்டு ஒன்பது நாளானால் காதல் தெரியும், ஆசை இருக்கும், குளிரறைக்குள் போனால் எழுந்திருக்காது. இரண்டும் சேர்ந்து இருக்கும் நாள் ஐந்து, மிஞ்சினால் ஆறு. கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்று டகி ஒருமுறை கேட்டான். கடவுளும் அலுவலகத்தில் கேட்டுத்தான் செய்திருப்பார் என்றாள் லோர்னா.

அவளுக்கும் அந்த விஷயத்தில் சொந்த அனுபவம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாதவிலக்கு நின்ற சூட்டில் உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தபோது ஈயோடு சேர்ந்து குளிரறைக்குள் நின்று தேநீர் குடித்தவள் அவள். இப்போது அதே அறைக்குள் போக ஜனவரியில் கம்பளிச் சட்டை போடுகிறாள். வெளியே வந்தால் வெயிலும் தாங்கவில்லை.

இதையெல்லாம் அவள் கேக் தட்டில் நிரூபித்து வைத்திருந்தாள். சமையலறைக் கேக் தட்டு, முட்டை வேகவைக்கும் கடிகாரம், ஒரு நோட்டு. மயங்கிய ஈ ஐம்பதைத் தட்டில் கொட்டி, கடிகாரத்தைத் திருகி, எத்தனை எழுந்து நிற்கின்றன என்று எண்ணுவாள். நான்காம் நாள் ஈயானால் கடிகாரம் மணியடிப்பதற்குள் தட்டு காலி. ஒன்பதாம் நாள் ஈயானால் மணி அடித்து, இரண்டாம் முறை திருகி, அதுவும் அடித்த பிறகும் பாதி கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிடக்கும். இரண்டாயிரம் அடியிலிருந்து விழும் ஈக்கு இரண்டாம் மணி கிடையாது.

இதை மூன்று வருடமாக மேலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மேலாளர் ஜூலியன். முப்பத்துநான்கு வயது. அடிலெய்டிலிருந்து புதன்கிழமைதோறும் கிளம்பி, மூன்று மணிநேரம் கார் ஓட்டி, படிவத்தோடு வருவார். கெட்ட மனிதர் அல்ல. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

படிவத்தில் வெப்பநிலைக்கு ஒரு கட்டம், குளிரறையில் வைத்த நேரத்துக்கு ஒரு கட்டம், ஏற்றிய ஈயின் எடைக்கு ஒரு கட்டம். வயதுக்குக் கட்டம் இல்லை.

புதன்கிழமை விடியற்காலை காற்று திரும்பியது. தெற்கிலிருந்து குளுகுளுவென்று வீசி, வெப்பம் இருபத்தாறுக்கு இறங்கியது. ஏழு மணிக்கே ஜூலியன் வந்துவிட்டார். வழியில் விடுதியில் தங்கியிருக்கிறார். விமானம் ஒன்பது மணிக்கு.

"பழசை முதல்ல ஏத்திடலாம், லோர்னா. முதல்ல வந்தது முதல்ல போகணும். தொண்ணூறு நிமிஷம் குளிர்ல வைங்க."

"அது பால் கடை விதி, ஜூலியன். இன்னிக்கு அந்த ஈக்கு ஒன்பதாம் நாள். தொண்ணூறு நிமிஷம் குளிர்ல வச்சா எழுந்திரிக்காது. பக்கத்து அடுக்கைப் பாரு, இன்னிக்குச் சரியா அஞ்சாம் நாள். அதை ஏத்து."

"அப்ப பழசு?"

"பழசை அப்புறம் பேசலாம்."

"வெள்ளிக்கிழமைதான் அடுத்த விமானம். அதுக்குள்ள பழசு பதினொண்ணாம் நாள் ஆயிடும். இருபது லட்சம் ஈயை வீணாக்கச் சொல்றீங்களா?"

"இப்ப பழசை ஏத்தினா இருபது லட்சம் வீண். வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த இளசும் ஏழாம் நாள் ஆயிடும், அதுல பாதி வீண். ரெண்டையும் வீணாக்க உனக்கு ஒரே ஒரு விதி போதும் போலிருக்கே."

ஜூலியன் படிவத்தைப் புரட்டினார். பின்பக்கத்தையும் பார்த்தார். "எடை வந்துட்டா அறிக்கை சரியாயிடும்," என்றார் சங்கடமாக.

"செத்த ஈயும் அதே எடைதான் இருக்கும்."

லோர்னா கேக் தட்டைக் கொண்டுவந்தாள். முன்பே மயக்கி வைத்திருந்த ஒன்பதாம் நாள் ஈயை ஒரு பாதியில் கொட்டினாள், ஐந்தாம் நாள் ஈயை மறுபாதியில். அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. பழைய பையை அனுப்பியபோது தொழிற்சாலையில் இளஞ்சிவப்புப் பொடி தீர்ந்துபோய் ஆரஞ்சுப் பொடியில் புரட்டி அனுப்பியிருந்தார்கள். முன்கூட்டிச் சொல்லாததற்கு அப்போது அவள் எரிந்து விழுந்திருந்தாள். கடிகாரம் டிக் டிக் என்றது. இளஞ்சிவப்பு எழுந்து, கால் துடைத்து, பறந்தது. ஆரஞ்சு கிடந்தது. மணி அடித்தது. ஆரஞ்சு கிடந்தது. ஜூலியன் குனிந்து பார்த்தார். அவர் மூக்கில் ஒரு இளஞ்சிவப்பு ஈ உட்கார்ந்தது.

"ரொம்ப சுவாரசியமா இருக்கு," என்றார் அவர். "இதை மின்னஞ்சல்ல அனுப்புங்க. மார்ச் கூட்டத்துல வைக்கிறேன்."

"மார்ச்சுல கென்னோட பழம் தரையில கிடக்கும்."

"நான் என்ன பண்றது, லோர்னா? என்கிட்ட இருக்கிற கட்டத்தைத்தான் நிரப்ப முடியும். நடைமுறையை மாத்த எனக்குக் காரணம் வேணும். எழுத்துல வேணும்."

லோர்னா கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்க இனி அதில் ஒன்றும் மிச்சமில்லை. கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். எழுத்து என்றதும் மேசையில் கிடந்த புகார் நோட்டு மங்கலாகக் கண்ணில் பட்டது.

ஊரார் போனில் திட்டுவதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும் என்பது அலுவலக விதி. அவளும் எழுதிவைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. கார் கண்ணாடியில் ஈ. நீச்சல் குளத்தில் ஈ, உலர்திராட்சைபோல மிதக்கிறது. பந்து உருட்டி விளையாடும் பௌலிங் கிளப் புல்தரையில் ஈ, பெண்கள் சங்கத்தின் ஸ்கோன் ரொட்டிமேல் ஈ, ஜாமில் மூன்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் தேதிகளைப் பார்த்தாள். பிறகு விமானம் பறந்த நாட்களின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பதினொரு புகார். பதினொன்றும் வெயிலாலோ காற்றாலோ ஓடுதள வேலையாலோ விமானம் தள்ளிப்போய், பழைய ஈ பறந்த நாட்களில். இளசு பறந்த நாளில் ஒரு புகார்கூட இல்லை. உயிரோடு இறங்கிய ஈ கென்னைத் தவிர யார் கண்ணிலும் படாது. செத்து விழுந்ததைத்தான் ஊர் பார்த்திருக்கிறது. மூன்று வருடமாக ஊர் அவளுக்கு ஆதாரம் அனுப்பிக்கொண்டிருந்தது. அவள் அதைத் திட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அது அன்றைய கணக்கில் புதிது.

"ஜூலியன், கையெழுத்துப் போட்ட புகார் வந்தா என்ன விதி?"

"பத்து நாள்ல பதில் எழுதணும். பதில் எழுதற வரைக்கும் புகார் சொன்ன காரியத்தை அந்த இடத்துல நிறுத்திவைக்கணும். படிவத்துல 'எடுத்த நடவடிக்கை'ன்னு ஒரு கட்டம் இருக்கு, அதைக் கட்டாயம் நிரப்பணும்."

"கட்டம் இருக்குல்ல?"

"இருக்கு. ஏன்?"

லோர்னா வெளியே போய்ப் போனை எடுத்தாள். பௌலிங் கிளப் செயலாளர் தெல்மா பாஸ்கோவுக்கு எழுபத்துமூன்று வயது. புதன்கிழமை காலையில் விளையாட்டு உண்டு, ஆகவே எழுந்திருப்பாள்.

"தெல்மா, போன மாசம் ஜாம்ல ஈ விழுந்துச்சுன்னு என்னக் காய்ச்சினியே, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? மூணு ஈ! அதுவும் இளஞ்சிவப்பு! பாப்பி மேவ் திராட்சைன்னு நினைச்சு ஒண்ணத் தின்னே தின்னுட்டா."

"அதை எழுத்துல கொடுக்கிறியா?"

"லோர்னா, உனக்கு வெயில்ல ஏதாவது ஆயிடுச்சா? உன்மேலயே புகார் கொடுக்கச் சொல்றியா?"

"ஆமா. எவ்வளவு காட்டமா எழுத முடியுமோ எழுது. எத்தனை பேரைக் கூட்டிட்டு வர முடியுமோ வா. எட்டரைக்குள்ள வா."

ஊரில் தெல்மாவிடம் புகார் எழுதித் தா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எட்டு இருபதுக்கெல்லாம் இரண்டு கார் வந்து நின்றது. வெள்ளைப் பாவாடை, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பியோடு ஏழு பெண்கள் விளையாட்டு உடையிலேயே இறங்கிக் கொட்டகைக்குள் வரிசையாக வந்தார்கள். திருமணத்துக்கு வந்த மருத்துவமனை ஊழியர்கள் மாதிரி இருந்தது. ஜூலியன் எழுந்து நின்றார்.

"தம்பி, நீதான் இதுக்கெல்லாம் பொறுப்பா?" என்றாள் தெல்மா.

"நான்... ஒருவகையில..."

"ஒருவகையில எல்லாம் வேண்டாம். பேனாவை எடு. எங்க தலைமேல செத்த ஈ விழக் கூடாது. உயிரோட விழுந்தா எங்களுக்கு ஆட்சேபம் கிடையாது, அது அதுபாட்டுக்குப் பறந்து போயிடும். செத்தது போகாது. ஜாம்லயே இருக்கும்."

"நான் ஒண்ணு தின்னேன்," என்றாள் பாப்பி மேவ், கணக்குச் சரியாக இருக்கட்டும் என்று.

"அதையும் எழுது," என்றாள் தெல்மா.

ஏழு படிவம், ஏழு கையெழுத்து. விமானி டகி வாசலில் நின்று சாண்ட்விச் தின்றபடி எல்லாவற்றையும் பார்த்தான். "அதான் மேட், நான் கைப்பிடிய இழுக்கும்போது சில நாள் புகை மாதிரி விரியும், சில நாள் கல்லு மாதிரி நேரா விழும். நான் கைப்பிடிதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ரெண்டு தடவை மாத்தினேன்."

"அதை ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்று லோர்னா சீறினாள்.

"யாரும் கேக்கல, மேட். கைப்பிடிக்கு ஒரு படிவம் இருந்துச்சு, அதை நிரப்பினேன்."

ஜூலியன் உட்கார்ந்தார். புகார்ப் படிவத்தை எடுத்து 'எடுத்த நடவடிக்கை' என்ற கட்டத்துக்கு வந்தார். பேனா அதன்மேல் நின்றது. "மயங்கின பழைய ஈயை மேலேருந்து போடறதை நிறுத்தியாச்சு. எழுதிட்டேன். ஆனா இருபது லட்சத்தை என்ன செய்யப்போறோம்?"

"மயக்காம கொண்டுபோறோம். அதுக்குக் குளிர்தான் ஆகாது, காரு ஆகும். இன்னிக்கு இருபத்தாறு டிகிரி. ரோடு ரோடாப் போய் மூடியைத் திறந்துவிட்டா தானே பறக்கும்."

"வண்டி?"

வண்டிக்கு லோர்னா ஏற்கெனவே ஆள் சொல்லிவிட்டாள். ஒன்பது மணிக்குக் கென் தன் யூட் வண்டியில், பின்புறம் திறந்த தட்டோடு, முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான்.

"ஈயை ஏத்தவா கூப்பிட்ட? நான் விவசாயி, லோர்னா. ஈக்கு டிரைவர் இல்ல."

"போன வாரம் பத்தை அடிச்சியே, அதுக்கு ஈடா இருபது லட்சத்தைக் கூட்டிட்டுப் போ. ஸ்ப்ரே டப்பா வண்டியில இருக்கா?"

கென் இருக்கைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தான். பெண்கள் கைதட்டினார்கள்.

அன்று காலை இரண்டும் நடந்தன. இளஞ்சிவப்பு ஈக்கள் அறுபது நிமிடம் மட்டும் குளிரில் கிடந்து டகியோடு மேலே போயின. கைப்பிடியை இழுத்ததும் புகைபோல விரிந்தன என்று டகி விமானத்து ரேடியோவில் சொன்னான். ஆரஞ்சு ஈக்கள் வாளிகளில் கென்னோடு தெருத் தெருவாகப் போயின. லோர்னா பின்தட்டில் உட்கார்ந்து மூடிகளைத் திறந்தாள். தபால் நிலையம், பள்ளிக்கூடத்து எலுமிச்சை, பௌலிங் கிளப்பின் பின்வேலி (தெல்மா இடுப்பில் கைவைத்துக் கண்காணித்தாள்), கடைசியில் கென்னுடைய தோட்டம். அங்கே ஆறு வாளி. ஈக்கள் மரங்களுக்குள் போயின. கென் வண்டிக்குள்ளேயே இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் பழத்தடை ஊரில் வாழ்ந்ததில்லை.

எண்பத்தொன்றாம் நாள் கென் தோட்டத்துப் பொறியில் ஒரு ஈ கிடந்தது. பழ ஈ, ஆண். பொறிகளைப் பார்க்கும் சோதகர் அதைப் பஞ்சில் வைத்துக் கொட்டகைக்கு எடுத்துவந்து, பொடியை ஒளிரவைக்கும் நீல விளக்கில் பிடித்தார். உடம்பில் எங்கும் பொடி இல்லை. முதுகில் இல்லை, காலில் இல்லை. பொடி இல்லாத ஈ என்றால் காட்டு ஈ. காட்டு ஈ என்றால் பலகையில் மறுபடி ஒன்று.

கென்னும் வந்திருந்தான். தொப்பியைச் சுருட்டிக்கொண்டு நின்றான். "நான் அடிக்கல. பொறியில தானா விழுந்துருக்கு," என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

"தலையை உடைச்சுப் பாத்தீங்களா?" என்றாள் லோர்னா.

கூட்டை விட்டு வரும்போது ஈ தன் நெற்றியில் ஒரு பையை ஊதிப் பிளந்துகொண்டுதான் வரும். பிறகு அந்தப் பை உள்ளே சுருங்கும். வெளியே ஒட்டிய பொடி நாளாக ஆக உதிர்ந்துபோகும். உள்ளே போனது போகாது. சோதகர் ஊசி முனையால் தலையைக் கண்ணாடிச் சில்லில் நசுக்கி விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார். லோர்னா கண்ணாடியைக் கழற்றவில்லை. அந்த ஒருமுறைதான் தெளிவாகப் பார்க்க வேண்டியிருந்தது.

தூசி அளவு ஒரு இடத்தில் ஒளி மின்னியது. இளஞ்சிவப்பு இல்லை. ஆரஞ்சு.

"இது நம்ம ஆளு," என்றாள் லோர்னா. "அன்னிக்கு வாளியில போனவன். ஒன்பதாம் நாள் ஈ. பதினாறு நாள் வெளிய சுத்திட்டு, பொடியெல்லாம் தேஞ்சு வந்து விழுந்துருக்கான்."

"அப்ப இவன் எவ்வளவு நாள்?" என்றான் கென்.

"இருபத்தஞ்சு."

"கிழவன்."

"கிழவன்தான். குளிர்ல போட்டிருந்தா அன்னிக்கே தீந்துருப்பான். நம்மளக் காப்பாத்திட்டு, கடைசில நம்ம உயிரையும் எடுக்கப் பாத்துட்டான்."

கென் உட்கார்ந்துவிட்டான். பிறகு சிரித்தான். பிறகு அவளிடம் ஒரு கைக்குட்டை கேட்டான். ஈயைப் பார்த்துத் தான் அழுததாக ஊரில் யாரிடமாவது சொன்னால் கொன்றுவிடுவதாகவும் சொன்னான்.

எண்பத்துநான்காம் நாள் தடை நீங்கியது. கப்பலுக்குப் போன பெட்டிகளில் கென் தன் பெயர் போட்ட தாளை ஒட்டினான். நகரமன்றம் பலகையை அகற்றியது. யார் பழம் கொண்டுவந்தது என்ற சண்டை மட்டும் அகலவில்லை.

மார்ச் கூட்டத்துக்குப் பிறகு ஜூலியன் புதிய படிவத்தை மகிழ்ச்சியோடு கொண்டுவந்தார். அதில் வயதுக்கு ஒரு கட்டம் இருந்தது. பெரிய கட்டம், நீல எல்லை போட்டது. கேக் தட்டுச் சோதனையைக் கூட்டத்தில் காட்டினாராம், எல்லாரும் வியந்தார்களாம்.

லோர்னா படிவத்தை வாங்கி அடிக்குறிப்பைப் படித்தாள். வயது என்பது கூட்டுப்புழுப் பை கொட்டகைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்று இருந்தது.

"பை வந்த நாளா?" என்றாள்.

"ஆமா. அதுதான் ரசீதுல இருக்கு. எழுத்துல."

"ஈ வெளிய வர்றதுக்கு அதுக்கப்புறம் ரெண்டு மூணு நாள் ஆகும், ஜூலியன். இந்தக் கணக்குல ஏத்தினா அஞ்சாம் நாள்னு ரெண்டாம் நாள் ஈயைப் போடுவ. அது எழுந்திரிக்கும், நல்லாப் பறக்கும், பெண்ணைப் பாத்தா என்ன செய்யறதுன்னு தெரியாம நிக்கும்."

ஜூலியன் படிவத்தைப் பார்த்தார். பின்பக்கத்தையும் பார்த்தார். "அக்டோபர்ல இன்னொரு கூட்டம் இருக்கு," என்றார்.

லோர்னா கண்ணாடியைக் கழற்றினாள். நீண்ட நேரம் துடைத்தாள். பிறகு மாட்டிக்கொண்டு, கம்பளிச் சட்டையைப் போட்டு, குளிரறைக்குப் போகும் வழியில் தெல்மாவுக்குப் போன் போட்டாள்.

"தெல்மா, அடுத்த புதன்கிழமை உங்களுக்கு விளையாட்டு உண்டுதானே?"